எவ்வளவு ரத்தம் போதும்?

பிறந்த குழந்தையின் உச்சிக்குழியில் விரல் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு துடிப்பு இருக்கிறது. உள்ளே ரத்தம் ஓடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் எவ்வளவு ஓடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய சரித்திரம், கதை எழுதுகிற எனக்கு எந்தக் கதைக்கும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

1940-களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கெட்டி, ஷ்மிட் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். நோயாளியை நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவை முகரச் செய்து, மூளைக்குப் போகும் ரத்தத்திலும் அங்கிருந்து திரும்பும் ரத்தத்திலும் அதை அளந்தார்கள். வளர்ந்தவர்களின் மூளையில் 100 கிராமுக்கு நிமிஷத்தில் சுமார் 50 மில்லி லிட்டர் ரத்தம் பாய்கிறது என்று கணக்கு வந்தது. ஆனால் கழுத்தின் ரத்தக் குழாயில் ஊசி ஏற்ற வேண்டிய முறை அது. குறைமாதத்தில் பிறந்து மூச்சுக்குப் போராடும் சிசுவுக்கு எப்படிச் செய்வது?

1979-ல் கோபன்ஹேகனில் லூ, லாசென் முதலியோர் கதிரியக்கமுள்ள ஸெனான் வாயுவைச் சிசுவின் ரத்தத்தில் கலந்து, அது மூளையை விட்டு வெளியேறும் வேகத்தை அளந்தார்கள். பிறப்பில் திணறிய குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் இறங்கினால் மூளையின் ஓட்டமும் கூடவே இறங்குகிறது என்று தெரிந்தது. அதே காலத்தில் டாப்ளர் என்ற ஒலிக்கருவியும் வந்தது. அதில் கதிர் இல்லை, ஊசி இல்லை. ஆனால் அது வேகத்தைத்தான் சொல்லும். வாய்க்காலில் தண்ணீர் விரைந்து ஓடுவதால் நிறைய ஓடுகிறது என்று சொல்லிவிடலாமா? வாய்க்காலின் அகலமும் தெரிய வேண்டாமா?

மூளையின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே காட்டியது பெட் ஸ்கேன். 1988-ல் ஆல்ட்மனும் அவருடன் உழைத்தவர்களும் அதைக் கொண்டு சொன்ன செய்தி வியப்பானது. வளர்ந்தவர்களுக்கு ஓட்டம் 10-க்குக் கீழே போனால் மூளை பிழைக்காது என்பது அளவு. அதற்கும் கீழே இருந்த சில சிசுக்களோ பின்னர் இயல்பாகவே வளர்ந்தன! முதிராத மூளையின் செலவு குறைவு. வரவும் குறைவாக இருந்தால் போதும்.

அதே 1988-ல் லண்டனில் தொட்டில் அருகிலேயே அகச்சிவப்பு ஒளியால் அளக்கும் முறையும் வந்தது. பிறகு, ரத்தத்திலுள்ள நீரையே காந்தத்தால் அடையாளமிட்டு அளக்கும் எம்.ஆர்.ஐ. முறை வந்தது. அதில் கதிரும் இல்லை, ஊசியும் இல்லை. ஆனால் ஓட்டம் மெதுவான சிசுவில் அதன் குறி மங்கிவிடும். 2019-ல் கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள், பெட், எம்.ஆர்.ஐ. இரண்டும் இணைந்த ஒரே இயந்திரத்தில், மயக்க மருந்தின்றி, ஆரோக்கியமான சிசுக்களையே அளந்தார்கள். நோயுற்ற குழந்தையை ஒப்பிட நோயற்ற குழந்தையின் கணக்கு வேண்டுமல்லவா?

கருவிகளில் எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, எது எதை அளக்கிறது என்று கேட்பதே நலம் என்று எனக்குப் படுகிறது. ஒன்று வேகத்தை, ஒன்று வெளியேறும் வாயுவை, ஒன்று ஒளியை அளக்கிறது. பெரியவர்களுக்குச் செய்த படியால் சிசுவை நிறுத்து, பிழைக்கக்கூடிய உயிரைக் கைவிட்டுவிடக் கூடாது, பாருங்கள்.