மணல் வீட்டைக் கலைக்க வேண்டா



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் கோட்டைகளும் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். இன்று நான் சொல்லப் புகுவதோ இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றின் கவனத்தைப் பற்றிய வரலாறு. அதற்குக் கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை. ஆயினும் நம் ஒவ்வொருவரிடத்தும் அது ஒருமுறை நிகழ்ந்து முடிந்திருக்கிறது. நாம்தான் அதனை மறந்துவிட்டோம்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அரசலாற்றுப் பாசனத்தைச் சேர்ந்தது எங்கள் சிற்றூர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் ஆனி மாதத்தில், மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைக் கடந்து எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது. வெடித்துக் கிடந்த தரையை நனைத்துக்கொண்டு, நுரையையும் சருகையும் முன்னே தள்ளிக்கொண்டு வரும் அந்த முதல் நீரைக் காண ஊரே கரையில் நிற்கும். மூன்று வயது நிரம்பாத என் மகன் கொல்லைப்புறத்துச் சிறு மடையருகே குந்தியிருந்தான். புங்க இலை ஒன்றை நீரில் விடுவான்; அது சுழன்று மடைக்குள் புகுந்து மறையும் வரை மூச்சடக்கிப் பார்ப்பான்; பிறகு அடுத்த இலையை எடுப்பான். நான் சிலேட்டும் பலப்பமுமாக வந்தேன். “அனா எழுதலாம் வா, தம்பி” என்று சொல்லி அவனை அப்படியே தூக்கினேன். அவன் உடலை வளைத்துக் கதறினான். அடம் என்று கருதி அதட்டினேன். நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். சான்றிதழ் கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது! அன்று நான் கலைத்தது எது என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். சோழர் அவைப் புலவரான ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடினார். அவ்வகை நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுக்கின்றன. 3-ஆம் திங்கள் முதல் 21-ஆம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்தோறும் ஒரு பருவம் என்பது மரபு. தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. நடந்து வருவது வருகை. நிலவை நோக்குவது அம்புலி. பறை முழக்குவது சிறுபறை. முதலில் தலை, பின்னர்க் கை, பின்னர்க் கால், அதன் பின்னர்க் கருவி என்று வளரும் இந்த வரிசை, குழந்தையை அருகிலிருந்து உற்று நோக்கியவர்கள் வகுத்த வரிசையன்றோ?

அவற்றுள் ஆண்பாற்குரிய சிற்றில் பருவம் நம் கருத்துக்கு மிக நெருங்கியது. சிறுமியர் தெருவில் மணல் வீடு கட்டி விளையாடுகின்றனர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் காலால் அதனை அழிக்க வருகிறான். “எங்கள் சிறு வீட்டைக் கலைக்காதே” என்பது அச்சிறுமியரின் வேண்டுகோள். பெரியவர்க்கு அது வெறும் மணல். கட்டியவர்க்கு அது வீடு. இந்த வேறுபாட்டைப் புலவர் உணர்ந்திருந்தனர்.

பள்ளிக்கூடமோ இப்பருவத்தைப் பெரும்பாலும் கருதவில்லை. 1822-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டபோது, தஞ்சை மாவட்டத்தில் மட்டும் 884 பள்ளிகள் இருந்தமை தெரிய வந்தது. திண்ணையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்ற அப்பிள்ளைகள் பொதுவாக ஐந்து வயதில் சேர்க்கப்பட்டவர்கள். அதற்கு முற்பட்ட ஆண்டுகள் மடியிலும் முற்றத்திலும் களத்துமேட்டிலும் கழிந்தன. அவை கல்வியாகக் கருதப்படவில்லை.

அவ்வாண்டுகளே கல்வியின் அடித்தளம் என்று உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களுள் முதன்மையானவர் இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907 ஜனவரி 6-ஆம் நாள் ரோமாபுரியின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். அங்கே ஒருநாள், ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்துவாள், எடுத்துக் கலைப்பாள், மீண்டும் பொருத்துவாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடி நடக்கச் செய்தார், சிறுமி நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமீது வைத்தார். அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்தபின், எவரும் சொல்லாமலே நிறுத்தினாள். நல்ல உறக்கத்திலிருந்து விழித்தவள் போல முகமலர்ந்து சுற்றிலும் பார்த்தாள். அவளை யாரும் புகழவில்லை, பரிசும் தரவில்லை. உருளை மாறினால் குழியே தவற்றைக் காட்டிவிடும். ஆசிரியர் குறுக்கிட வேண்டிய தேவையே எழவில்லை.

இந்த அம்மையாரின் வாழ்வு நம் தமிழ்நாட்டோடு பிணைந்தது என்பதை உங்களிற் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல் அவர்களின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில், தமது 69-ஆம் வயதில், அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். முந்நூறு பேர் அளவில் ஆசிரியர்கள் பயிற்சிக்குக் கூடினர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. அந்நாட்டவர் என்ற காரணத்தால் மாரியோ சிறை முகாமுக்கு அனுப்பப்பட்டார். அம்மையார் அடையாற்றிலேயே இருக்குமாறு பணிக்கப்பட்டார். அவரது 70-ஆம் பிறந்தநாளாகிய ஆகஸ்டு 31-இல் மகனுக்கு விடுதலை என்ற செய்தி கிடைத்தது. சில திங்களுக்கென்று வந்தவர், இடையே ஐரோப்பா சென்று திரும்பிய காலம் நீங்கலாக, 1949 வரை இந்நாட்டில் பணி புரிந்தார். கொடைக்கானலில் தங்கியபோது செடிகொடிகளும் சிற்றுயிர்களுமே குழந்தைகளுக்குப் பாடமாயின. அகமதாபாத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளை அடிப்படையாகக் கொண்டு, ‘ஈர்த்துக்கொள்ளும் மனம்’ என்று பொருள்படும் அவரது புகழ்பெற்ற நூல் 1949-இல் அடையாற்றிலிருந்தே வெளியாயிற்று. முதல் மூன்று ஆண்டுகளில் குழந்தை தன்னையறியாமலே சூழலை உள்வாங்குகிறது. அடுத்த மூன்று ஆண்டுகளில் கைவேலையின் வாயிலாக அறிந்து கற்கிறது என்பது அந்நூலின் சாரம்.

விலையுயர்ந்த கருவிகள் இருந்தால்தானே இதெல்லாம் கைகூடும் என்று நீங்கள் கேட்கலாம். நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையைப் பாருங்கள். அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால், எப்படிச் சாய்த்தாலும் அது எழுந்து நிற்கும். குழந்தை நூறு முறை தள்ளும். நூறு முறையும் அது எழும். குழந்தை தன் கையால் வினா எழுப்புகிறது. பொம்மை விடை கூறுகிறது. மடையில் விட்ட இலையும் அவ்வாறே. கைப்பேசித் திரையை இமைகொட்டாமல் பார்க்கும் குழந்தையும் ஆழ்ந்திருப்பது போலத் தோன்றும். ஆனால் அங்கே கைக்கு வேலை இல்லை. குழந்தை வினவுவதற்கு முன்னரே படம் மாறிவிடுகிறது.

ஒன்றை இங்கே எச்சரிக்க வேண்டும். குறுக்கிடாதிருத்தல் வேறு; கைவிடுதல் வேறு. ஆறும் வாய்க்காலும் குளமும் நிறைந்த நம் நாட்டில், நீரருகே விளையாடும் குழந்தையைக் கையெட்டும் தொலைவில் இருந்து காத்தல் கட்டாயம். கூரியதை அகற்றி, எட்டுமிடத்தில் ஏற்றதை வைத்துவிட்டு, அதன்பின் வாய்மூடி இருப்பதே பெரியவர் கடமை. “ஆகா, கெட்டிக்காரி!” என்று நடுவிலே கூவுவதும் குறுக்கீடுதான்.

சென்ற ஆண்டு ஆனியில் என் பேத்தி அதே கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தாள். மடைக்கு இப்போது சிமெண்டு பூசியிருக்கிறார்கள். கொட்டாங்கச்சியால் நீரை மொண்டு எறும்புப் புற்றருகே ஒரு குழியில் ஊற்றினாள். மண் அதனைக் குடித்துவிட்டது. மீண்டும் மொண்டாள். நான் அருகில் அமர்ந்து எண்ணினேன். பாட்டி சாப்பிட அழைத்தாள். சற்றுப் பொறுக்குமாறு கைகாட்டினேன். இருபத்தேழாம் முறை ஊற்றிவிட்டு அவளே எழுந்தாள். ஈரக் கையை என் வேட்டியில் துடைத்துக்கொண்டு, “தாத்தா, பசிக்குது” என்றாள். வாசற்படியில் என் மகன் நின்றுகொண்டிருந்தான். அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அந்தப் புங்க இலைகள் நினைவிருக்குமோ, இல்லையோ, எனக்கு இருக்கிறது.

மாணவ மணிகளே! உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். அக்குழந்தை எதையேனும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தால், அழைக்குமுன் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை தானாக முடியும் வரை காத்திருங்கள்.