பாதரசத்துக்கு மருந்து செலீனியம்

பத்தாம் வகுப்போடு வேதியியலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு காமர்ஸ் பக்கம் ஒதுங்கியவன் நான். அதனால் தலைப்பைப் பார்த்து யாரும் ஓட வேண்டாம். இது கம்ப்யூட்டர் கதை. சரியாகச் சொன்னால் காசுக் கதை. ஒரு மென்பொருளை இலவசமாகக் கொடுத்துவிட்டால், அதைப் பராமரிக்கிற செலவு யார் தலையில் விழுகிறது? நமது காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. செலீனியம் என்கிற டெஸ்டிங் கருவியின் வரலாற்றில் கொஞ்சம் கிடைத்தது.

முதலில் நம்ம பி.காம். கூட்டத்துக்காக ஒரு விளக்கம். மார்ச் 31 ராத்திரி, எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது ஒரே ஒரு வவுச்சரில் தப்பு இருக்கிறது. திருத்துகிறீர்கள். அப்புறம் லெட்ஜர், ட்ரயல் பேலன்ஸ், பேலன்ஸ் ஷீட் என்று எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தாக வேண்டும். மென்பொருளும் இப்படித்தான். ஒரு பட்டனை மாற்றினால், நேற்று வரை ஓடிய மற்ற ஐந்நூறு விஷயங்கள் இன்றும் ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதற்கு ரெக்ரெஷன் டெஸ்டிங் என்று பெயர். ஆளை உட்கார வைத்துச் செய்தால் நாலாவது நாளே கண் சொருகிவிடும். ஆகவே, மனிதன் க்ளிக் செய்வது போலத் தானே க்ளிக் செய்து, வந்த விடை சரியா என்று பார்க்கிற கருவிகள் வந்தன.

இந்தச் சந்தையில் நீண்ட காலம் பெரிய கடை மெர்குரி இன்டராக்டிவ். 1989-இல் இஸ்ரேலில் தொடங்கிய நிறுவனம். வின்ரன்னர், லோட்ரன்னர், க்யூ.டி.பி. எல்லாம் இவர்கள் சரக்குதான். ஒருவர் பயன்படுத்தும் லைசென்ஸுக்கே ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்க வேண்டும். பெரிய கம்பெனி வாங்கும். வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள நினைக்கிற பையன் எங்கே போவான்? 2006-இல் எச்.பி. நிறுவனம் மெர்குரியை சுமார் 450 கோடி டாலருக்கு வாங்கியது என்றால் அந்தக் கடையின் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2004-இல், சிகாகோவில் தாட்வொர்க்ஸ் கம்பெனியில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் ஆபீஸின் நேரக் கணக்கும் செலவுக் கணக்கும் பதிகிற உள் மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். (ஆமாம், இங்கேயும் கணக்குதான்!) அதை ஒவ்வொரு முறையும் கையால் சோதிப்பதில் அலுத்துப்போய், பிரவுசருக்குள்ளேயே ஓடும்படி ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கருவி எழுதினார். அது ஓப்பன் சோர்ஸாக வெளியே வந்தது. பெயர் எப்படி வந்தது தெரியுமா? மெர்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்கு செலீனியம் சாப்பிட்டால் முறியும் என்று மெர்குரி கம்பெனியைக் கிண்டலடித்து ஒரு மின்னஞ்சலில் எழுதினார். அந்தக் கிண்டலே பெயராக நிலைத்துவிட்டது.

ஆனால் ஒரு சிக்கல். ஒரு தளத்திலிருந்து வந்த நிரல் வேறொரு தளத்தின் பக்கத்தைத் தொடக்கூடாது என்பது பிரவுசரின் சட்டம். நியாயமான சட்டம்தான், இல்லாவிட்டால் பாட்டு டவுன்லோட் செய்கிற தளம் உங்கள் பேங்க் பக்கத்தை நோண்டிவிடும். பாவம், டெஸ்டிங் கருவியும் இந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டது. அதற்குக் கண்டுபிடித்த வழி, நடுவில் ஒரு தரகரை உட்கார வைப்பது. பிரவுசர் கேட்கிற பக்கம் எல்லாம் அந்தத் தரகர் வழியாகவே வருவதால், எல்லாம் ஒரே இடத்துச் சரக்கு என்று பிரவுசர் நம்பிவிடும். இதுதான் செலீனியம் ஆர்.சி.

இதே தரகர் தந்திரத்தை நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அன்னூர் வழியாகப் போகிற தேசிய நெடுஞ்சாலை 948-இல் வடக்கே போனால் சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் தாண்டிக் கடைசியில் பெங்களூரு. அங்கே நாராயண் ராமன் என்பவர் 2005-இல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் கருவியின் பெயர் சாஹி. இந்தியில் 'சரி' என்று பொருள். எனக்கு இதில் பிடித்த விஷயம், ஒரு பட்டனைக் கண்டுபிடிக்க அதன் உள் அடையாள எண்ணை நம்பாமல், 'இன்ன பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பட்டன்' என்று சொல்லலாம். ஊரில் வீட்டுக்கு வழி சொல்வது போல. டோர் நம்பரை யார் கேட்கிறார்கள், அரச மரத்துக்கு எதிர் வீடு என்றால் போதாதா. பின்னாளில் டைட்டோ சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் வழியாக சாஹி ப்ரோ என்று காசு கொடுத்து வாங்கும் பதிப்பு வந்தது. இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. யாராவது ஒருவர் சம்பளம் கொடுக்க வேண்டுமே.

செலீனியம் வேறு வழியில் போனது. ஜப்பானைச் சேர்ந்த ஷின்யா கசாத்தானி என்பவர், நாம் செய்வதைப் பதிவு செய்து திரும்ப ஓட்டிக் காட்டும் ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி ஒன்றை எழுதி 2006-இல் திட்டத்துக்குக் கொடுத்தார். அதுதான் செலீனியம் ஐ.டி.இ. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இதுவே முதல் படி. இன்னொரு பக்கம் சைமன் ஸ்டூவர்ட் என்பவர் பிரவுசரை வெளியிலிருந்து நேரடியாக ஓட்டும் வெப்டிரைவரை உருவாக்கினார். தரகரே வேண்டாம். இரண்டு திட்டங்களும் 2009-இல் ஒன்றுசேர முடிவெடுத்து, 2011 ஜூலையில் செலீனியம் 2.0 வெளிவந்தது.

இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது. பிரவுசர் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிதாக வரும். ஒவ்வொரு முறையும் கருவியைச் சரிசெய்ய வேண்டும். நான்கு பிரவுசர், மூன்று இயங்குதளம் என்று பெருக்கிப் பாருங்கள். தன்னார்வலர்கள் எத்தனை ராத்திரிதான் கண் விழிப்பார்கள்? இதற்கு அவர்கள் செய்த வேலையை அசல் வியாபார மூளை என்றுதான் சொல்வேன். வெப்டிரைவரை ஒரு பொதுத் தரமாக்கும் பணியைத் தொடங்கினார்கள். 2018 ஜூனில் டபிள்யூ3சி அமைப்பு அதை அதிகாரபூர்வ பரிந்துரையாக ஏற்றது. தரம் என்று ஆகிவிட்டால், அதற்குத் தகுந்த டிரைவரைப் பிரவுசர் செய்கிறவர்களே கொடுக்க வேண்டும். க்ரோமுக்கு கூகுள் தரப்பு, ஃபயர்ஃபாக்ஸுக்கு மொசில்லா, சஃபாரிக்கு ஆப்பிள், எட்ஜுக்கு மைக்ரோசாஃப்ட். பெரிய செலவு ஒன்று சத்தமில்லாமல் பணம் இருக்கிறவர்கள் கணக்குக்கு மாறிவிட்டது.

மாற்ற முடியாத செலவு என்ன ஆனது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் ஃபயர்ஃபாக்ஸ் 55 வந்தபோது பழைய செலீனியம் ஐ.டி.இ. வேலை செய்வதை நிறுத்தியது. நீட்சிகளின் அடிப்படையையே மொசில்லா மாற்றிக்கொண்டிருந்தது. அதற்கேற்ப ஐ.டி.இ.யைத் திருத்தி எழுத ஆள் இல்லை, நேரம் இல்லை. உலகம் முழுக்க ஆரம்பப் பாடமாக இருந்த ஒரு கருவி, கவனிக்க நாலு பேர் இல்லாததால் படுத்துவிட்டது. பிறகு அப்ளிடூல்ஸ் என்ற நிறுவனம் கைகொடுத்துப் புதிதாக எழுதப்பட்டது.

செலீனியத்தைச் சுற்றிப் பணமே இல்லையா என்றால், கொட்டிக் கிடக்கிறது. 2011-இல் மும்பையில் ரித்தேஷ் அரோராவும் நகுல் அகர்வாலும் தொடங்கிய பிரவுசர்ஸ்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விதவிதமான பிரவுசர்களையும் போன்களையும் அடுக்கி வைத்து, உங்கள் செலீனியம் சோதனைகளை அவற்றில் ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடுகிறார்கள். 2021-இல் அதன் மதிப்பு 400 கோடி டாலர். புளியம்பட்டி சந்தையில் மாடு விற்பவனைவிட, சுங்கம் வசூலிக்கிறவனுக்கு வருமானம் நிச்சயம் என்று பெரியவர்கள் சொல்வது ஞாபகம் வருகிறது. செலீனியம் திட்டமோ ஒரு கம்பெனிகூட இல்லை. சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமெரிக்க அறக்கட்டளைதான் அதன் சார்பில் நன்கொடைப் பணத்தை வைத்துக் கணக்கு பார்க்கிறது.

மெர்குரியின் பழைய சரக்கு எச்.பி.யிடமிருந்து 2017-இல் மைக்ரோ ஃபோகஸுக்கும், 2023-இல் ஓப்பன்டெக்ஸ்டுக்கும் கைமாறியது. செலீனியத்துக்கும் போட்டி வந்துவிட்டது. சைப்ரஸ் வந்தது, 2020-இல் மைக்ரோசாஃப்ட் ப்ளேரைட்டை வெளியிட்டது. ப்ளேரைட் வேகமானது, நல்லது, இலவசம். சம்பளப் பட்டியல் மட்டும் ஒரே கம்பெனியிடம். அந்தக் கம்பெனி நாளைக்கு மனம் மாறினால் என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்றால், சத்தி ரோட்டில் சரவணம்பட்டி வரை போய்ப் பாருங்கள். கீரணத்தம் பக்கம் ஐ.டி. கட்டிடங்கள் வரிசையாக நிற்கின்றன. தாட்வொர்க்ஸுக்கே இன்று கோவையில் அலுவலகம் உண்டு. இன்ஜினியரிங் படிக்காதவர்களும் உள்ளே நுழைகிற வாசல்களில் டெஸ்டிங் ஒன்று. பல ஆயிரம் டாலர் கருவியாகவே இருந்திருந்தால் நம்மில் எத்தனை பேர் அதைத் தொட்டுப் பார்த்திருப்போம்? கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருவதால், ஆங்கிலம் தடுமாறுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது.

கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். முன்பெல்லாம் க்ரோம் பதிப்பு ஒன்று, டிரைவர் பதிப்பு ஒன்று என்று பொருந்தாமல் முதல் நாளே உயிரை வாங்கும். 2021 அக்டோபரில் வந்த செலீனியம் 4 வரிசையில், 2022 நவம்பரின் 4.6 முதல் செலீனியம் மேனேஜர் சேர்ந்தே வருகிறது. சரியான டிரைவரை அதுவே தேடி இறக்கிக்கொள்ளும். பழைய பாடங்களில் டிரைவரைக் கையால் இறக்கச் சொல்லும் பக்கத்தைத் தைரியமாகத் தாண்டிவிடுங்கள்.