ரயில் பெட்டிக்கு சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதுமா? ஜெர்மனியின் எஷெடே விபத்து சொல்லும் பாடம்

ரயிலில் ஏறியதும் நாம் என்ன பார்ப்போம்? ஏசி ஓடுதா, சார்ஜர் வேலை செய்யுதா, கழிப்பறையில் தண்ணீர் வருதா... அவ்வளவுதான். சக்கரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு சின்ன நாணயத்தின் அளவுதான். பெட்டியின் மொத்த எடையும் அந்த இடங்களில்தான் இறங்குகிறது.

அந்தச் சக்கரத்தை மேம்படுத்துவதாக நினைத்து ஜெர்மனி ரயில்வே எடுத்த முடிவு, 1998-ல் 101 பேரின் உயிரைப் பறித்தது. என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

ரயில் சக்கரத்தில் எத்தனை வகை?

முதல் வகை, பழைய காலத்து 'டயர்' சக்கரம். டயர்னு சொன்னதும் ரப்பர் என்று நினைக்க வேண்டாம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைச் சூடாக்கி மாட்டுவார்கள் இல்லையா, அதே முறைதான். பட்டா ஆறும்போது சுருங்கி, சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, ஒரே இரும்புத் துண்டாக வரும் முழுச் சக்கரம். மூன்றாவது, சக்கரத்துக்கும் வெளி இரும்பு வளையத்துக்கும் நடுவில் ரப்பர் வைத்த சக்கரம். இது நகரத்துக்குள் மெதுவாக ஓடும் டிராம்களில் பிரபலம். சத்தமும் அதிர்வும் குறையும்.

ஜெர்மனி ஏன் சக்கரத்தை மாற்றியது?

1991-ல் ஐசிஇ அதிவேக ரயில்கள் அங்கே ஓடத் தொடங்கின. அப்போது இருந்தது முழுச் சக்கரம். ஆனால் வேகமாகப் போகும்போது பெட்டிகள் அதிர்ந்தன. குறிப்பாக உணவுப் பெட்டியில் தட்டும் டம்ளரும் ஆட்டம் போட்டன.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. ஒன்று, சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் அமைப்பையே மாற்றுவது. இன்னொன்று, சக்கரத்தை மட்டும் மாற்றுவது. இரண்டாவதுதான் சுலபம். அதனால் 20 மி.மீ. ரப்பர் வைத்த மூன்றாவது வகைச் சக்கரம் ஐசிஇ-க்கு வந்தது. அதிர்வும் குறைந்தது. ஆனால் அந்த வேகத்தில் அந்தச் சக்கரம் போதுமான அளவு சோதிக்கப்படவில்லை.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது?

ரப்பர் கொஞ்சம் அமுங்கும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வெளி வளையம் லேசாக நசுங்கி, மறுபடி வட்டமாகும். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் இது நொடிக்கு சுமார் 20 தடவை நடக்கும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் கடைசியில் என்ன ஆகும்? ஒடியும். அதேதான் இங்கேயும்.

ஓட ஓட வளையம் தேய்ந்து மெலியும்; மெலிய மெலிய அதிகமாக வளையும். புதுசில் இந்தச் சக்கரத்தின் விட்டம் 920 மி.மீ. 854 மி.மீ. வரை தேயலாம் என்பது விதி. விபத்தில் உடைந்த சக்கரம் 862 மி.மீ. அதாவது, விதிப்படி அது இன்னும் ஓடத் தகுதியானது!

விரிசல் விழுந்ததோ வளையத்தின் உள்பக்கத்தில். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

1998 ஜூன் 3: என்ன நடந்தது?

மியூனிக்கிலிருந்து ஹாம்பர்க் போன ரயில் அது. எஷெடே என்ற சிற்றூருக்கு சுமார் 6 கி.மீ. முன்பே முதல் பெட்டியின் ஒரு சக்கர வளையம் உடைந்தது. உடைந்த இரும்பு, தரையைப் பிளந்துகொண்டு பயணிகளின் இருக்கைகளுக்கு நடுவே வந்து நின்றது. அதைப் பார்த்த பயணி ஒருவர் ஓடிப்போய் நடத்துநரிடம் சொன்னார். நேரில் பார்த்த பிறகுதான் ரயிலை நிறுத்த முடியும் என்று சொல்லி நடத்துநர் அந்தப் பெட்டிக்கு நடந்தார். யாரும் அவசர பிரேக்கைத் தொடவில்லை.

அந்த வேகத்தில் 6 கி.மீ. என்பது இரண்டு நிமிடம்கூட இல்லை. தண்டவாளம் பிரியும் இடத்தில் தொங்கிய இரும்பு சிக்க, பெட்டிகள் தடம்புரண்டன. ஒரு பெட்டி சாலைப் பாலத்தின் தூண்களில் மோத, பாலம் இடிந்து பெட்டிகள் மேல் விழுந்தது. பின்னால் வந்த பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின.

அதன் பிறகு?

இந்த ரயில்களில் மறுபடி முழுச் சக்கரமே மாட்டப்பட்டது. அடுத்த தலைமுறை ஐசிஇ-2 ரயில், முழுச் சக்கரத்தோடு காற்று ஸ்பிரிங் வைத்து ஏற்கெனவே 1996-லேயே ஓடத் தொடங்கியிருந்தது. அதிர்வுக்குச் சரியான தீர்வு அதுதான்.

மூன்று பொறியாளர்கள் மீதான வழக்கு, தலா 10,000 யூரோ செலுத்தச் சொல்லி 2003-ல் தீர்ப்பே இல்லாமல் முடிந்தது. விபத்து நடந்த இடத்தில் இன்று 101 செர்ரி மரங்கள் நிற்கின்றன.

நம்ம ஊர் ரயில்களில் எப்படி?

பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் பழைய வகைப் பெட்டிகள், புதிய எல்ஹெச்பி பெட்டிகள் இரண்டிலும் இருப்பது முழுச் சக்கரம்தான். பெரிய வித்தியாசம் பிரேக்கில். பழைய பெட்டியில் பிரேக் கட்டை நேராகச் சக்கரத்திலேயே உரசும். சக்கரம் சூடாகும், தேயும். எல்ஹெச்பி-யில் அச்சில் இருக்கும் தனித் தட்டை பிரேக் பிடிக்கும்.

அப்படின்னா பழைய பெட்டிக்குச் சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாதா? போதாது. சக்கரம், அச்சு, ஸ்பிரிங், பிரேக் எல்லாம் ஒன்றுக்கொன்று கணக்குப் போட்டுச் செய்தவை. ஒன்றை மாற்றினால் மற்றதன் சுமையும் மாறும். ஐசிஎஃப்-பும் 2018 ஜனவரியில் பழைய வகைப் பெட்டி தயாரிப்பை முடித்துக்கொண்டது.

பயணிகள் கவனத்துக்கு

பிரேக் போட்டுச் சக்கரம் சுழலாமல் வழுக்கினால், ஒரு பக்கம் தட்டையாகும். அப்போது 'டக் டக்' என்று சீராக ஒரு சத்தம் வரும். கேட்டால் டிடிஇ-யிடம் சொல்லுங்கள். ஆனால் தரை உடைவது, பெட்டி திடீரென்று பயங்கரமாகக் குலுங்குவது போன்ற ஆபத்து கண்ணுக்கே தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், சங்கிலியை இழுங்கள். ரயில்வே சட்டம் 141-வது பிரிவின்படி, தகுந்த காரணம் இல்லாமல் இழுப்பதுதான் குற்றம்.