கை கற்ற இரசாயனம்

கல்லூரியில் இரசாயனம் பயிலும் மாணவன் வாரந்தோறும் சில மணி நேரம் சோதனைச்சாலையில் நிற்கின்றான். பியூரெட்டில் அமிலம் இருக்கிறது; குடுவையில் காரம் இருக்கிறது; அவன் கண்ணோ பக்கத்து மேசையில் இருக்கிறது. "உனக்கு எவ்வளவு வந்தது?" என்பது அங்கே அடிக்கடி காதில் விழும் கேள்வி. மேலூர் வட்டாரத்தில் நெடுநாள் ஆசிரியத் தொழில் புரிந்தவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் ஆசாரியர் பிரபுல்ல சந்திர ராயின் வரலாறு என் நினைவுக்கு வரும்.

அதற்கு முன் ஒரு சொல். மாணவன் தன் கையாலேயே சோதனை செய்வது மிகப் பழைய வழக்கமன்று. நெடுங்காலம் ஆசிரியர் மேடைமேல் செய்து காட்டுவார். மாணவர் அமர்ந்து பார்ப்பர். 1824-ஆம் ஆண்டில், 21 வயதில், ஜெர்மனியின் கீசன் நகரில் பேராசிரியப் பதவி ஏற்ற லீபிக் என்பார் இந்த வழக்கத்தை மாற்றியவர்களுள் தலையாயவர். இன்னதென்று சொல்லாமல் ஒரு பொருளை மாணவன் கையில் கொடுத்து, இதில் அடங்கியவற்றைக் கண்டு வா என்று அனுப்புவார். நம் மாணவர் இன்று செய்யும் உப்புப் பகுப்பாய்வு அந்த மரபில் வந்ததே.

ராய் 1861-இல் வங்கத்தில் பிறந்தவர். கல்கத்தாவில் வித்தியாசாகரின் கல்லூரியில் படித்துக்கொண்டே, மாநிலக் கல்லூரிக்குச் சென்று பெட்லர் என்னும் ஆங்கிலப் பேராசிரியரின் இரசாயன விரிவுரைகளையும் கேட்டு வந்தார். மேடையில் பெட்லர் காட்டிய சோதனைகள் இளைஞரின் மனத்தைக் கவர்ந்தன. ஆயினும் பார்த்தது போதவில்லை. நண்பர் ஒருவரின் விடுதி அறையில் சிறிய சோதனைச்சாலை ஒன்றை அமைத்தனர். தகர வேலை செய்பவனைக் கொண்டு மெல்லிய தகரத்தில் ஓர் ஆக்ஸி-ஹைட்ரஜன் ஊதுகுழல் செய்வித்தனர். அதில் வாயு கசிந்து பெருஞ்சத்தத்துடன் வெடித்தது. இருவரும் காயமின்றித் தப்பினர். (இதை யாரும் பின்பற்ற வேண்டா. அன்று அவர்களுக்கு மேற்பார்வையாளர் இல்லை, உங்களுக்கு இருக்கின்றார்.)

பின்னர் எடின்பரோவில் பயின்று 1887-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய ராய், 1889-இல் அதே மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் உதவிப் பேராசிரியரானார். அவர் முதலில் கையிலெடுத்த ஆராய்ச்சி எது தெரியுமா? நெய்யும் கடுகெண்ணெயும்! கடைச் சரக்கில் கலப்படம் உண்டா என்று அறிய வேண்டுமாயின், கலப்படமற்ற மாதிரி முதலில் வேண்டுமல்லவா? ஆகவே தம் கண்முன்னே பசுவைக் கறக்கச் செய்தார். தம் கண்முன்னே கடுகை ஆட்டுவித்தார். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் உழைத்து 1894-இல் முடிவுகளை வெளியிட்டார். இதில் புகழ் தரும் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் அளக்கும் கை இந்த வேலையில்தான் பக்குவப்பட்டது என்பது என் எண்ணம்.

அடுத்த ஆண்டிலேயே அதன் பயன் தெரிந்தது. பாதரச உப்பு ஒன்றைத் தயாரிப்பதற்காக, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பாதரசத்தின்மேல் ஊற்றிச் சூடாக்காமல் வைத்திருந்தார். எதிர்பாராத மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. ஏதோ ஒரு கார உப்பாக இருக்கும் என்றே முதலில் கருதினார். ஆயினும் அமிலம் மிகுந்த கரைசலில் அத்தகைய உப்பு படிவது வழக்கத்துக்கு மாறு. அந்த ஐயத்தை அவர் விட்டுவிடவில்லை. பகுத்துப் பார்த்தார், அது மெர்க்குரஸ் நைட்ரைட் என்று கண்டார். 1896-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அச்செய்தி வெளியாயிற்று. நைட்ரைட்டுகள் பற்றிய அவருடைய நீண்ட ஆராய்ச்சி அங்கே தொடங்கிற்று. 'வர வேண்டிய' நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அவர் எழுந்து போயிருந்தால் அந்த மஞ்சள் படிகங்கள் தொட்டிக்குத்தான் போயிருக்கும்.

நம் தமிழகத்துக்கும் இந்த மரபு வந்து சேர்ந்தது. வங்கத்திலிருந்து வந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய பி. பி. டே அவர்கள், எம். வி. சீதாராமன், டி. ஆர். கோவிந்தாச்சாரி ஆகியோருடன் சேர்ந்து கரிம இரசாயனச் செய்முறை நூல் ஒன்றை ஆக்கினார். தலைமுறை தலைமுறையாக மாணவர் அதைச் சோதனைச்சாலை மேசையில் விரித்து வைத்துப் பயின்றனர்.

இனி நம் மாணவர் செய்யக்கூடியது என்ன? பியூரெட்டைப் படிக்கும்போது கண் திரவ மட்டத்துக்கு நேராக இருக்கட்டும்; வளைவின் அடிப்புள்ளியைப் பாருங்கள். கண்ட எண்ணை, அடுத்த தரம்பார்த்தலைத் தொடங்குமுன் மையினால் எழுதுங்கள். மூன்று முறைக்கு மூன்று எண் வந்தால் மூன்றையும் எழுதுங்கள். நான்காம் முறை செய்யுங்கள். பியூரெட்டைக் கழுவிய நீர் உள்ளே தங்கியதா, கடைசித் துளி நுனியில் தொங்கியதா என்று ஆராய்வதிலேதான் கை தேர்ச்சி பெறுகின்றது.

மேலூர்ப் பக்கத்து மாணவருக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கிணற்று நீரை ஒரு சீசாவிலும், பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வரும் காலத்தில் அந்நீரை மற்றொரு சீசாவிலும் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். எந்த நீரில் சோப்பு நுரைக்கத் தயங்குகிறது என்பதை உங்கள் தாயார் முன்பே அறிவார். எவ்வளவு கடினத்தன்மை என்பதை மட்டும் நீங்கள் அளந்து சொல்ல வேண்டும். பக்கத்து மேசையில் கேட்டால் கிடைக்காது. பேராசிரியரிடம் அனுமதி கேளுங்கள். அதற்கு வேண்டிய ஈ.டி.டி.ஏ. கரைசலை அவர் எடுத்துக் கொடுப்பார்.