குழந்தைகள் எல்லாரும் கேமராவைப் பார்க்கும் அந்த ஒரு போட்டோ: எத்தனை கிளிக் தேவை?

தீபாவளி, ராக்கி, கோடை விடுமுறை என்று அண்ணன், தங்கை பிள்ளைகள் எல்லாம் ஒரே வீட்டில் கூடியதும் யாராவது ஒருவர் போனை நீட்டுவார். "எல்லாரும் இங்க பாருங்க!" நாற்பது படங்கள் எடுத்த பிறகு பார்த்தால் ஒன்றில் சின்னவன் அழுகிறான், இன்னொன்றில் பெரியவள் ஜன்னலைப் பார்க்கிறாள், மூன்றாவதில் ஒருவர் தலையையே காணோம். எடுத்தவருக்குப் போட்டோ எடுக்கத் தெரியவில்லை என்று வீட்டில் கிண்டல் வேறு. உண்மையில் இதன் பின்னால் இருப்பது எளிய நிகழ்தகவுக் கணக்கு.

இந்தப் படம் ஏன் முன்பைவிட அரிது?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 1992-93இல் 3.4. அது 2019-21இல் 2.0 ஆகக் குறைந்தது. ஒரே வீட்டில் நான்கைந்து குழந்தைகள் இருப்பது குறைந்துவிட்டதால், குழந்தைகளின் குரூப் போட்டோ என்றாலே இப்போது பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா பிள்ளைகள் சேர்ந்த படம்தான். அவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு அது. அடுத்த வருடம் இதே கைக்குழந்தை ஓடிக்கொண்டிருக்கும்.

கண் சிமிட்டலுக்கு ஒரு பரிசு

குரூப் போட்டோவில் யாரும் கண்ணை மூடாமல் இருக்க எத்தனை படங்கள் எடுக்க வேண்டும்? ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும் இதைக் கணக்கிட்டு, 2006இல் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு பெற்றார்கள். முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு இது.

அவர்கள் சொன்ன விதி எளிது. 20 பேருக்குக் குறைவான குழு என்றால், நல்ல வெளிச்சத்தில் தலைகளின் எண்ணிக்கையை 3ஆல் வகுங்கள். வெளிச்சம் குறைவென்றால் 2ஆல் வகுங்கள். 12 பேர் நின்றால் பகலில் 4 படங்கள், மங்கலான ஹாலில் 6 படங்கள்.

குழந்தைகளிடம் இந்த விதி ஏன் பலிப்பதில்லை?

கைக்குழந்தைகள் பெரியவர்களைவிடக் குறைவாகவே கண் சிமிட்டுவார்கள். அவர்களிடம் பிரச்சினை கவனம். அதையும் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு குழந்தையும் 10 தடவையில் 7 தடவை கேமராவைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் பார்ப்பது மற்றவரைப் பாதிக்காது என்றும் எடுத்துக்கொள்வோம். குறைந்தது ஒரு நல்ல படமாவது கிடைக்க 95% வாய்ப்பு வேண்டும் என்றால்:

- 3 குழந்தைகள்: 8 கிளிக்
- 5 குழந்தைகள்: 17 கிளிக்
- 5 குழந்தைகள், ஆனால் பாதி நேரம்தான் பார்க்கிறார்கள்: 95 கிளிக்
- 5 குழந்தைகள், 10 தடவையில் 9 தடவை பார்க்கிறார்கள்: 4 கிளிக்

கடைசி இரண்டு வரிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கிளிக்கைக் கூட்டுவதைவிடக் கவனத்தைக் கூட்டுவது பல மடங்கு லாபம். நிஜத்தில் ஒரு குழந்தை அழுதால் பக்கத்துக் குழந்தையும் திரும்பிப் பார்க்கும் என்பதால் நிலைமை இன்னும் மோசமாகலாம்.

பர்ஸ்ட் மோடில் ஒரே நொடியில் 10 படங்கள் எடுத்தால் அதை 10 வாய்ப்புகளாக எண்ண வேண்டாம். பத்திலும் கிட்டத்தட்ட அதே முகபாவம்தான் இருக்கும். நாலைந்து படம் எடுத்துவிட்டுச் சில நொடிகள் நிறுத்தி, மறுபடி எடுங்கள்.

கவனத்தைக் கூட்டுவது எப்படி?

*நேரம்:* தூக்கம் முடிந்து, வயிறு நிறைந்த பிறகு எடுங்கள். விருந்து முடிந்து எல்லாரும் சோர்ந்திருக்கும் இரவு பத்து மணி இதற்கான நேரமே இல்லை.

*கூப்பிடுவது ஒருவர்தான்:* நான்கு பேர் நான்கு பக்கமிருந்து "கண்ணா, இங்க பாரு" என்றால், குழந்தைகள் நான்கு பக்கமும் பார்ப்பார்கள். ஒருவர் மட்டும் கேமராவுக்கு நேர் பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டட்டும். மற்றவர்கள் போனைக் கீழே வைத்துவிட வேண்டும்.

*உட்கார வையுங்கள்:* பாயிலோ சோபாவிலோ உட்கார்ந்த குழந்தை சட்டென்று ஓடாது. பெரிய பிள்ளைகளை முதலில் உட்கார வைத்து, கைக்குழந்தையைக் கடைசியில் சேருங்கள். தலை நிற்காத குழந்தையைச் சிறுவர்கள் மடியில் தனியாக விடாதீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பால்கனிச் சுவர், கட்டில் விளிம்பு எல்லாம் வேண்டவே வேண்டாம்.

*உயரம்:* நீங்கள் குனிந்து, கேமராவைக் குழந்தைகளின் கண் மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.

*வெளிச்சம்:* பகலில் ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள், அல்லது வெளியே நிழலில். நைட் மோட் பல பிரேம்களைச் சேர்த்து ஒரு படமாக்குவதால், அசையும் குழந்தை கலங்கலாகிவிடும். ஷட்டர் வேகத்தை மாற்ற முடிந்தால் 1/250 நொடியோ அதைவிட வேகமாகவோ வையுங்கள்.

*லென்ஸ்:* 0.5 எக்ஸ் வைத்தால் ஓரத்தில் இருப்பவர்களின் முகம் இழுபடும். 1 எக்ஸில் வைத்து இரண்டடி பின்னால் போங்கள். இரண்டு வரிசை இருந்தால் போர்ட்ரெய்ட் மோட் பின்வரிசையை மங்கலாக்கிவிடலாம்.

போனே சரி செய்துவிடாதா?

ஓரளவுக்குச் செய்யும். ஐபோனின் லைவ் போட்டோ, கிளிக்குக்கு முன்னும் பின்னும் 1.5 நொடிகளைப் பதிவு செய்கிறது. அதிலிருந்து வேறு கணத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். 2023இல் கூகுள் பிக்சல் 8உடன் வந்த பெஸ்ட் டேக், அடுத்தடுத்து எடுத்த படங்களிலிருந்து ஒவ்வொருவரின் நல்ல முகத்தையும் எடுத்து ஒரே படமாக்குகிறது. வசதிதான். ஆனால் அப்படி ஒரு கணம் நடக்கவே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். தொடாத அசல் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

பகிர்வதற்கு முன்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, 18 வயது நிறைவடையாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தரவைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதம் பெற வேண்டும். ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்வதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் குடும்பத்துக்குள் கேட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பாகிறது. படத்தில் இருப்பது உங்கள் பிள்ளை மட்டும் இல்லையே! பொதுவில் போடும் முன் மற்ற பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளிப் பெயர் தெரியும் சீருடை, வீட்டு எண், இடத் தகவல் ஆகியவை படத்தோடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரிண்ட் போடுவதற்கு அனுப்பும்போது, வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்புங்கள். ஆனால் அப்போது இடத் தகவலும் கூடவே போகலாம் என்பதால், அதை ஸ்டுடியோவுக்கும் நெருங்கிய சொந்தங்களுக்கும் மட்டும் அனுப்பினால் போதும்.

அழ ஆரம்பித்துவிட்டால்?

நிறுத்திவிடுங்கள். மிரட்டிச் சிரிக்க வைத்த முகம் படத்திலும் அப்படியே தெரியும். குழந்தையைத் தூக்கிச் சமாதானப்படுத்திவிட்டு, அரை மணி நேரம் கழித்து முயலுங்கள். அப்போதும் வரவில்லையென்றால், எடுத்ததில் எல்லா முகமும் தெரியும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, யார் யார், எந்த ஊர், என்ன தேதி என்று எழுதி வையுங்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் முதலில் கேட்கப் போவது, "இதுல அழுறது யாரு?" என்றுதான்.