வாக்காளர் பட்டியலிலிருந்து கைரேகைக்கு: ஆதாரின் முன்வரலாறு குறித்து ஒரு மறுவாசிப்பு

ஆதாரின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 2009 ஜூலையில்தான் தொடங்குகிறார்கள். இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனி கேபினட் அமைச்சர் தகுதியோடு இந்தியத் தனித்துவ அடையாள ஆணையத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற மாதம் அது. இந்தத் தொடக்கத்தை நிலைநிறுத்தியதில் அவரும் விரல் ஷாவும் சேர்ந்து எழுதி 2015-இல் வெளிவந்த ‘ரீபூட்டிங் இந்தியா’ நூலுக்குப் பெரும் பங்குண்டு. ஆதாரை ‘அரசுக்குள் முளைத்த ஒரு ஸ்டார்ட்-அப்’ ஆக அந்நூல் வாசிக்கிறது. அடையாளச் சான்று எதுவுமில்லாத ஏழைக்கு அடையாளம் தருவது, அட்டையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கொடுப்பது, பெயர், முகவரி, பிறந்த தேதி, பாலினம் என்ற நான்கு விவரங்களோடு நிறுத்திக்கொள்வது ஆகியவை அந்த ஸ்டார்ட்-அப்பின் சாதனைகளாக அணிவகுக்கின்றன.

உள்ளேயிருந்து வேலை செய்தவர்களின் சாட்சியம் என்ற அளவில் அந்நூலுக்கு ஈடில்லை. பொறியியல் முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்று அறிய அதைவிட நல்ல வாயில் கிடையாது. ஆனால் சாட்சி வேறு, வரலாறு வேறு. புதுமனை புகுந்தவருக்கு அஸ்திவாரம் போட்டவரின் பெயர் நினைவில் இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. வரலாறு எழுதுபவருக்கு இருந்தாக வேண்டும். ஸ்டார்ட்-அப் வாசிப்பு எதையெல்லாம் புதியது என்கிறதோ, அதில் பாதி ஏற்கெனவே கோப்பில் இருந்தது. உண்மையில் புதிதாக வந்த ஒன்றையோ, அது இயல்பாகவே வந்ததுபோல் கடந்துவிடுகிறது. இக்கட்டுரையின் வாதம் அந்த ஒன்றைப் பற்றியது.

முன்கதை தெரிந்ததுதான். கார்கில் போருக்குப் பின் அமைந்த கே. சுப்ரமணியம் குழு, 2001-இன் அமைச்சர்கள் குழு அறிக்கை, குடியுரிமைச் சட்டத்தில் 2003 திருத்தம் நுழைத்த 14ஏ பிரிவு, டெல்லியின் பூத் குர்த் கிராமத்தில் 2007 மே மாதம் முதல் அட்டைகளை வழங்கிய பல்நோக்குத் தேசிய அடையாள அட்டைத் திட்டம். இது உள்துறையின் பாதை. இதற்குத் தொடர்பில்லாமல் இன்னொரு பாதையும் இருந்தது. 2006 மார்ச் 3 அன்று, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்குத் தனித்துவ எண் வழங்கும் திட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பத் துறை நிர்வாக ஒப்புதல் அளித்தது. இரண்டு பாதைகளையும் இணைக்கத்தான் அவ்வாண்டு டிசம்பரில் அதிகாரம் பெற்ற அமைச்சர்கள் குழு அமைக்கப்பட்டது. இவ்வளவும் நிலேகனி வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் முன்பே நடந்தவை.

நான் நின்று பார்க்க விரும்புவது, ஆணையத்தைத் தோற்றுவித்த திட்டக்குழுவின் 2009 ஜனவரி 28 தேதியிட்ட அறிவிக்கையை. 115 பணியிடங்களோடு திட்டக்குழுவின் இணைப்பு அலுவலகமாக ஆணையத்தை நிறுவிய வறண்ட நிர்வாக ஆவணம் அது. ஒரு சட்டத்தின் பெயரும் அதில் இல்லை. ஆனால் ஆணையத்தின் கடமைகளாக அது அடுக்குபவை கவனிக்கத்தக்கவை: வசிப்போருக்கு எண்ணை உருவாக்கி ஒதுக்க வேண்டும், தரவுத்தளம் ஆணையத்துக்கே சொந்தம், இயக்குவதும் அதன் பொறுப்பு, பிற துறைகளின் தரவுத்தளங்களோடு எண்ணைத் தொடர்ந்து இணைக்கும் வழிமுறைகளை வகுக்க வேண்டும், தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டை இந்த எண்ணோடு ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும். அட்டை பேச்சிலேயே இல்லை. எண்ணும் தரவுத்தளமும்தான் மையம். ஆக, ‘அட்டை வேண்டாம், எண் போதும்’ என்பதைப் புதிய அணியின் கண்டுபிடிப்பாக எழுதுவது பொருந்தாது. குடிமக்களை விட்டு வசிப்போரைப் பிடித்துக்கொண்டதும் அப்படியே.

அந்த ‘வசிப்போர்’ எங்கிருந்து வந்தார்கள்? இது எளிய கேள்வியல்ல. அறிவிக்கைக்கு மூன்று மாதம்கூட முந்தாத 2008 நவம்பர் 4 கூட்டத்தில் அதிகாரம் பெற்ற அமைச்சர்கள் குழு எடுத்த முடிவுகளை அருகில் வைத்தால் ஒரு முரண் தெரிகிறது. ஆணையத்தை முதலில் நிர்வாக ஆணையால் அமைக்கலாம், சட்டத் தகுதியைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றது குழு. கூடவே, வாக்காளர் பட்டியலையும் வாக்காளர் அட்டைத் தரவையும் கொண்டு தொடக்கத் தரவுத்தளத்தை உருவாக்குவதோடு ஆணையம் தன் வேலையை நிறுத்திக்கொள்ளலாம் என்றும் முடிவானது. வாக்காளர் பட்டியலில் இருப்பவர்கள் பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் மட்டுமே. அங்கே குழந்தை இல்லை, அயல்நாட்டவர் இல்லை. அப்படியொரு பட்டியலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டு, கடமையை ‘வசிப்போர்’ அனைவருக்கும் என்று விரித்து எழுதியிருக்கிறார்கள்.

வரைவாளரின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அது போதவில்லை. குடிமகனைக் கட்டாயமாகப் பதிவுசெய்து தேசிய அடையாள அட்டை வழங்கும் அதிகாரம் 14ஏ பிரிவின் கீழ் வருவது. அது உள்துறையின் எல்லை. திட்டக்குழுவின் இணைப்பு அலுவலகம் ஒன்று, அதுவும் சட்டப் பின்புலமே இல்லாதது, அந்த எல்லைக்குள் கால் வைக்க முடியாது. மறுபுறம், 2003 குடியுரிமை விதிகள் மக்கள்தொகைப் பதிவேட்டை ஓரிடத்தில் வழக்கமாக வசிப்பவர்களின் பதிவேடு என்றே வரையறுக்கின்றன. பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும் என்ற கட்டளை அறிவிக்கையிலேயே இருக்கையில், பதிவேட்டின் வரையறையே எண்ணின் வரையறையாகவும் ஆகியிருக்கும் என்று கொள்வதுதான் பொருத்தம். இதற்கு நேரடிச் சான்று காட்ட என்னால் இயலவில்லை. இரண்டு ஆவணங்களின் ஒற்றுமையே என் பிடிமானம். ஆனாலும், உள்ளடக்கும் பெருமனதால் வந்தது என்று கொண்டாடப்படும் இத்தேர்வு, துறைகளின் எல்லைத் தகராறில் பிறந்தது என்ற விளக்கம் ஆவணங்களோடு மேலும் நெருக்கமாக நிற்கிறது.

அறிவிக்கையில் இல்லாத ஒன்று இதைவிட முக்கியம். கைரேகை, கருவிழி, பயோமெட்ரிக் எதுவும் அதில் இல்லை. 2018 ஆதார் வழக்கின் மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் இதையே சுட்டிக்காட்டினார். அவருக்கு அது சட்ட அதிகாரக் குறைபாடு. வரலாற்றுக்கு அது ஒரு கால எல்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து தரவுத்தளம் கட்டும் திட்டத்துக்குக் கைரேகை தேவையே இல்லை. ஆகவே 2009 ஜனவரி வரை ஆணையம் கைரேகை நிறுவனமாக எண்ணிப் பார்க்கப்படவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

மாற்றம் எப்போது நடந்தது? ஜூலை இறுதியில் நிலேகனி பொறுப்பேற்கிறார். தேசியத் தகவல் மையத்தின் தலைமை இயக்குநர் பி.கே. கைரோலா தலைமையிலான பயோமெட்ரிக் தரநிலைக் குழு செப்டம்பர் இறுதியில் அமைகிறது. டிசம்பரில் அறிக்கை தருகிறது. கைரேகை வேண்டுமா என்ற கேள்விக்கு விடை தேட அமைக்கப்பட்ட குழுவல்ல அது. எந்தத் தரத்தில் எடுப்பது என்று சொல்லவே அமைக்கப்பட்டது. எனவே அடிப்படை முடிவு அந்த இரண்டு மாத இடைவெளியில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் நெருங்கித் தேதி குறிப்பிட நான் முன்வரமாட்டேன். முடிவு எவ்வளவு வேகமாக வந்தது என்பதற்கு அக்குழுவின் அறிக்கையே சாட்சி. டெல்லி, உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா ஆகிய இடங்களில் 25,000 பேரிடமிருந்து எடுத்த 2,50,000 விரல் படிமங்களை வைத்துத்தான் நூறு கோடிப் பேருக்கான தரம் பேசப்பட்டது. இந்தியக் கிராமப்புற விரல்களின் தரம் ஆழமாக ஆராயப்படவில்லை என்பதைக் குழுவே ஒப்புக்கொண்டது. கருவிழியைச் சேர்ப்பதா என்பதை ஆணையத்தின் முடிவுக்கு விட்டது. வயலிலும் சுண்ணாம்புக் காளவாயிலும் தேய்ந்த விரல்களைப் பற்றிய ஐயம் முதல் அறிக்கையிலேயே இருந்தது என்பதை, பின்னாளில் ரேஷன் கடை இயந்திரம் ரேகையை ஏற்க மறுத்தபோது வியந்தவர்கள் கவனித்திருக்கலாம்.

கைரேகை முழுக்கப் புதிதா என்றால் அதுவும் இல்லை. உள்துறையின் அட்டைத் திட்டத்தில் கைரேகை எடுத்தார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் 3,331 கடலோரக் கிராமங்களில் முன்னதாகவே தொடங்கிய மக்கள்தொகைப் பதிவேட்டுப் பணியிலும் கைரேகை உண்டு. ஆனால் அங்கே அதன் வேலை வேறு. அட்டையை நீட்டுபவர் அட்டைக்குரியவர்தானா என்று ஒன்றுக்கு ஒன்று பார்ப்பது அது. ஆணையத்தில் அதே ரேகை, ஒருவர் ஏற்கெனவே பதிவானவரா என்று தரவுத்தளம் முழுவதோடும் ஒப்பிடப்படுகிறது. பத்து விரல், இரண்டு கருவிழி, ஒரு முகம் என்ற தொகுப்பு இந்த வேலைக்காக வந்தது. வாக்காளர் பட்டியலை நம்பாமல் தொடங்கினால் இரட்டைப் பதிவைக் களைய வேறு வழியில்லை. என் முடிவு இதுதான்: கருவி உள்துறையிடமிருந்து வந்தது, பயன்பாடு ஆணையத்தில் பிறந்தது. நிலேகனியும் ஷாவும் பெருமை கொள்ள உரிமையுள்ள இடம் இதுவே.

ஸ்டார்ட்-அப் வாசிப்பின் இன்னொரு தூண், அடையாளமே இல்லாத ஏழை. ஆவணமற்றவர்களுக்காக ‘அறிமுகம் செய்பவர்’ என்ற ஏற்பாடு உண்மையிலேயே இருந்தது. 2015-இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆணையம் தந்த பதிலோ, அதுவரை வழங்கப்பட்ட ஏறத்தாழ 83.5 கோடி எண்களில் 2.19 லட்சம் மட்டுமே அவ்வழியில் வந்தவை என்கிறது: 0.03 சதவீதம். மற்றவர்கள் ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை போன்று ஏற்கெனவே இருந்த ஆவணங்களைக் காட்டிப் பதிவானவர்கள். நோக்கம் நேர்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் திட்டத்தின் தோற்றத்துக்கு அதையே காரணமாக்க இந்த எண்ணிக்கை இடம் தரவில்லை.

கார்கிலிலிருந்து ஆதாருக்கு நேர்கோடு போடும் எதிர்த்தரப்பு வாசிப்பையும் ஏற்பதற்கில்லை. நேர்கோடு இருந்திருந்தால் 2012 ஜனவரியில் உள்துறையும் ஆணையமும் மாநிலங்களைப் பங்கு பிரித்துக்கொள்ள நேர்ந்திருக்காது. அந்தப் பங்கீட்டில் தமிழ்நாடு பதிவேட்டுப் பக்கம் போனது. இங்கே கைரேகை முகாம் நடத்தியது மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை. எண்ணை வழங்கியது ஆணையம். பதிவேட்டை எண்ணோடு சேர்க்க வேண்டும் என்ற 2009 அறிவிக்கையின் அந்த ஒரு கட்டளை பள்ளிக்கூட வராந்தாக்களில் வரிசையாக நின்றதைத் தமிழ் வாசகர்கள் பலர் நேரில் கண்டிருப்பார்கள்.

2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டம் டெம்பிலி கிராமத்தில் முதல் எண்கள் வழங்கப்பட்டன. ஆணையத்துக்குச் சட்டத் தகுதி தர அவ்வாண்டு டிசம்பரில் மாநிலங்களவைக்கு வந்த மசோதாவை யஷ்வந்த் சின்கா தலைமையிலான நிலைக்குழு 2011 டிசம்பரில் நிராகரித்தது. 2016-இல் ஆதார் சட்டம் வந்தபோது எண் பெற்றோர் தொகை நூறு கோடியை நெருங்கியிருந்தது. அச்சட்டத்தின் 59ஆம் பிரிவு, 2009 அறிவிக்கையின் கீழ் மத்திய அரசு செய்தவை யாவும் இச்சட்டத்தின் கீழ் முறையாகச் செய்யப்பட்டவையாகவே கொள்ளப்படும் என்கிறது. 2018 வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு அதை ஏற்றது. சட்டத்தின் கணக்கில் அறிவிக்கையின் அந்த வெற்றிடம் அடைபட்டுவிட்டது. வரலாற்றின் கணக்கில் அடைபட வேண்டுமானால் 2009 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான ஆணையக் கோப்புகளை அரசு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.