தராசைப் பார்க்கும் ஊர்

எங்கள் அப்பா விருதுநகரில் ஒரு கமிஷன் கடையில் இருபத்தெட்டு வருஷம் எடை போட்டவர். உளுந்து, மல்லி, வத்தல் என்று மூடை மூடையாக வந்து இறங்கும். கொண்டுவந்தவர் சொன்ன எடையும் தராசு காட்டிய எடையும் ஒத்துப்போகவில்லை என்றால், அப்பா சரக்கைக் குறை சொல்ல மாட்டார். முதலில் தட்டைத் துடைப்பார். முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். கல்லைத் திருப்பி முத்திரை தேடுவார். "சரக்கு பொய் சொல்லாது தாயி, தராசுதான் சொல்லும்" என்பார்.

ஆஸ்பத்திரியில் இது தலைகீழாக நடக்கும் என்று அத்தையோடு போனபோதுதான் தெரிந்தது.

அத்தை சிவகாசிப் பக்கம் சரவெடி பின்னுகிறவர். காலையில் தரையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். பின்னின எண்ணிக்கைக்குத்தான் கூலி. நல்ல தாட்டியான உடம்பு. முழங்கால் வலி தாங்காமல் ஒரு டாக்டரிடம் போனோம். முழங்காலை அவர் தொட்டே பார்க்கவில்லை. "மொதல்ல வெயிட்டைக் குறைங்க, வாயைக் கட்டுங்க" என்றார். பிரஷர் பார்க்கச் சுற்றிய பட்டை கையில் ஒட்டாமல் பிரிந்துகொண்டே இருந்தது. நர்ஸ் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் இதே பட்டைதான். உங்க கைதான் பெருசு" என்றார். மேல் அளவு 162. மாத்திரை எழுதினார்கள்.

பத்து நாளில் அத்தைக்கு வேலையிடத்தில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுற்றிலும் வெடி. பக்கத்திலிருந்தவர்கள் பிடித்துக்கொண்டதால் தப்பினார். அதற்கப்புறம் டாக்டர் என்றாலே, "நான் குண்டா இருக்கேன்னு சொல்றதுக்கு எதுக்குத்தா படிப்பு? எங்க தெருவுல எல்லாரும் சும்மாவே சொல்றாங்க" என்று சொல்லி வர மறுத்துவிட்டார்.

அந்தப் பட்டையின் கதையை நான் தேடிப் படித்தது அப்போதுதான். 1896இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் சிப்பியோனே ரிவா-ரோச்சி என்ற மருத்துவர் கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டையை வடிவமைத்தார். சைக்கிள் டியூப் ரப்பரில் செய்தது, அகலம் சுமார் 5 சென்டிமீட்டர்தான். 1901இலேயே ஹைன்ரிஷ் ஃபான் ரெக்லிங்ஹவுசன் என்ற ஜெர்மானியர், இவ்வளவு குறுகலான பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்று கண்டுபிடித்து அகலமான பட்டையைச் செய்தார். ரத்த நாளத்தை அமுக்க வேண்டிய விசையில் ஒரு பங்கைச் சதையே வாங்கிக்கொள்கிறது. கைக்கு ஏற்ற அகலமும் நீளமும் இல்லாத பட்டையில் அதிகமாகக் காற்றடிக்க வேண்டியிருக்கிறது. அந்த உபரி, நோயாளியின் கணக்கில் ஏறிவிடுகிறது.

ஆக, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த விஷயம் இது. 2023இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மறுபடியும் அளந்து பார்த்தார்கள். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைச் சுற்றினால், மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி கூடுதலாகக் காட்டியது. பிரஷர் இல்லாதவரை நோயாளியாக்க அந்த வித்தியாசம் போதும்.

உடம்பைக் குற்றவாளியாக்குவது மேற்கத்திய மருத்துவத்தோடு வந்த பழக்கம் மட்டும் இல்லை. சரக சம்ஹிதையில், நிந்திக்கப்படும் எட்டு வகை மனிதர்களைப் பற்றி ஒரு அத்தியாயமே இருக்கிறது. மிக உயரமானவர், மிகக் குள்ளமானவர், மிக ஒல்லியானவர் என்று போகும் அந்தப் பட்டியலில் மிகப் பருமனானவரும் உண்டு.

இன்றைய கிளினிக்கில் நிந்தனையின் இடத்தில் ஒரு எண் இருக்கிறது: பிஎம்ஐ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கை 1830களில் போட்டவர் அடால்ஃப் கெட்லே. பெல்ஜியத்து வானியலாளர், மருத்துவர் அல்ல. நோயைக் கண்டுபிடிக்க அவர் அதைப் போடவில்லை. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடினார். அதற்குப் பிஎம்ஐ என்ற பெயரை 1972இல் கொடுத்தவர் ஆன்செல் கீஸ். கூட்டத்தை அளக்க வந்த கோல், தனி ஆளின் மேல் தீர்ப்பாகிவிட்டது.

அந்த எண் ஒல்லியானவர்களையும் ஏமாற்றும். 2004இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. பார்த்தவுடன் முடிவு கட்டுகிற டாக்டர் அத்தையை அவமானப்படுத்துவார். பக்கத்தில் இருக்கும் ஒல்லியான சர்க்கரை நோயாளியைச் சோதிக்காமலே அனுப்பிவிடுவார்.

அந்தக் கிளினிக் சுவரில் ஒரு சிவகாசி காலண்டர் தொங்கியது. கோவில்பட்டி கொண்டையராஜு காலத்திலிருந்து சிவகாசி அச்சகங்கள் நாடு முழுக்க அனுப்பிய சாமி படங்களின் வழியில் வந்த படம்: கொழுகொழு கன்னம், மடிப்பு விழுந்த கை கால். வானம் பார்த்த கரிசல் பூமியில் சதை என்றால் பஞ்சம் தீண்டாத வீடு என்று அர்த்தம். 'புஷ்டி' வாழ்த்தாக இருந்தது. படத்தில் இருந்தால் கும்பிடுகிற உடம்பு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தால் குற்றமாகிவிடுகிறது.

ஆறு மாசம் கெஞ்சி அத்தையை இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இந்தத் தடவை முன்கூட்டியே போன் பண்ணி மூன்று கேள்வி கேட்டேன். பெரிய பட்டை இருக்கா? கைப்பிடி இல்லாத நாற்காலி இருக்கா? எடை மெஷின் எத்தனை கிலோ வரை காட்டும்? இரண்டு இடத்தில் சிரித்தார்கள். மூன்றாவது இடத்தில் பதில் சொன்னார்கள்.

அந்த அம்மா டேப்பை எடுத்து முதலில் கையின் சுற்றளவைப் பார்த்தார். 46 சென்டிமீட்டர். தொடைக்குச் சுற்றும் பெரிய பட்டையை எடுத்துவரச் சொன்னார். ஐந்து நிமிஷம் சும்மா உட்காரவைத்து இரண்டு தடவை அளந்தார். 142, 140. பிரஷர் இருந்தது, ஆனால் அத்தையைப் பயமுறுத்திய அளவுக்கு இல்லை. மாத்திரையை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்தார். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். என்ன வேலை, எத்தனை மணி நேரம் தரையில் என்று கேட்டார். கடைசியில், "எடையைப் பத்தியும் கொஞ்சம் பேசலாமாம்மா?" என்றார். 2020இல் வந்த கனடா நாட்டு உடல்பருமன் வழிகாட்டி, சிகிச்சையின் முதல் படியே இப்படி அனுமதி கேட்பதுதான் என்கிறது. இந்த அம்மா அதைப் படித்தாரோ, சுபாவமோ.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பேசுங்கம்மா" என்றார்.

சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பிரஷர் மெஷினுக்கு முத்திரை உண்டா?" என்று கேட்டார். 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகளில் ரத்த அழுத்தக் கருவியும் வருகிறது என்றேன். "பட்டைக்கு?"

பட்டை கைக்குச் சேருமா என்று பார்க்க முத்திரை ஆய்வாளர் வரமாட்டார், நாமதான் கேட்கணும் என்றேன். அத்தை அடுத்த மாசத் தேதியை எழுதின சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார்.